தனபாலன் சார், ரெண்டு பேர்

மூன்றாவது வரிசையில் ஜன்னலோரம் இருந்த ஆரஞ்சுத் தொப்பி கழன்றது, உள்ளே வழுக்கை. இவருக்கு வழுக்கை கிடையாது. அறுபத்தோரு வயதிலும் சீப்பு சிக்குகிற முடி, அதில் ஒரு கர்வம்கூட உண்டு, சீவியதை மறந்து மறுபடியும் சீவுகிற இந்த நாட்களிலும் கர்வத்தை மட்டும் மறக்கவில்லை. அப்படியென்றால் அது இவர் இல்லை. அது சேலத்துப் பல் டாக்டர். தேயிலைத் தோட்டத்துக் கடையிலிருந்து பஸ் கிளம்பியது முதல் என் புருஷன் என்று நினைத்து நான் பார்த்துக்கொண்டு வந்தது சேலத்துப் பல் டாக்டரின் பின்மண்டையை. திருச்சி ஏர்போர்ட்டில் முப்பத்திரண்டு பேருக்கும் ஒரே தொப்பியைக் கொடுத்துவிட்டு, "யாராவது தொலைஞ்சா ஈஸியா கண்டுபிடிச்சிடலாம் மேடம்" என்றான் டூர் மேனேஜர் செல்வின். எல்லார் தலையிலும் ஒரே தொப்பி என்றால் யாரைக் கண்டுபிடிப்பது, மூளை இருக்கிறதா என்று கேட்க வாயெடுத்தேன், இவர்தான் "விடு வத்சலா" என்றார். விட்டேன். இப்போது முன்னால் தெரிகிற தலைகளை எண்ணுகிறேன். ஆம்பிளைகள் முன்னால், பொம்பளைகள் பின்னால், யாரும் அப்படிச் சொல்லவில்லை, கோலாலம்பூரில் இரண்டாம் நாளே தானாக அப்படி ஆகிவிட்டது, அவர்களுக்கு அரசியல், எங்களுக்கு முறுக்கு டப்பா. பதினாலு தலை. பதினைந்து இருக்க வேண்டும். மறுபடி எண்ணுகிறேன். பதினாலு. செல்வின் ஆள் எண்ணுவது குடும்பக் கணக்கில். கதவுப் படியில் நின்றுகொண்டு புருஷன் பெயரைக் கூப்பிடுவான், பின்னாலிருந்து பெண்டாட்டி பதில் சொல்ல வேண்டும், ஆம்பிளைகளுக்குத்தான் பேச்சில் காது கேட்காதே. "தனபாலன் சார்?" என்றான். "ரெண்டு பேர்" என்றேன். ஆறு நாளாகச் சொல்கிற பதில். தலையைக்கூடத் தூக்கவில்லை நான், ஸ்ட்ராபெர்ரி டப்பாவின் மூடியை மூடிக்கொண்டிருந்தேன். எட்டாம் வகுப்பில், அன்றைக்கு வராத ஸ்டெல்லாவுக்காக "பிரசன்ட் சிஸ்டர்" என்று குரலை மாற்றிச் சொல்லி சிஸ்டர் ஃபிலோமினாவிடம் மாட்டியது தெரிந்து செய்த திருட்டு. இது என்ன? பதற வேண்டும் என்று தெரிகிறது. பதற்றம் எங்கே என்று உள்ளே தேடிப் பார்த்தால், அந்த டாக்டரே ஊசி போட்டுவிட்ட கன்னம் மாதிரி இருக்கிறது, கிள்ளினால் கிள்ளுவது தெரிகிறது, வலி தெரியவில்லை.

பஸ் ஒரு வளைவில் திரும்புகிறது, எல்லாரும் இடது பக்கம் சாய்கிறோம், அடுத்த வளைவில் வலது பக்கம், என்னவோ எல்லாரும் சேர்ந்து ஒரே பாட்டுக்குத் தலையாட்டுகிற மாதிரி. இந்த வளைவு தாண்டட்டும், சொல்லிவிடலாம். செல்வின், நிறுத்துங்க, அவர் ஏறலை. நாலே வார்த்தை. பக்கத்தில் காந்திமதி மூக்கில் எலுமிச்சம்பழத்தை வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருக்கிறாள், மடியில் பிளாஸ்டிக் கவர் தயாராக. அவள் காதில் விழாமல் அந்த நாலு வார்த்தையைச் சொல்ல வழியில்லை. காந்திமதி தூத்துக்குடி, உப்பளக்காரர் வீட்டம்மா, நல்ல மனுஷிதான், ஆனால் அவள் நாத்தனார் வீடும் எங்கள் அபர்ணாவுக்குப் பேசியிருக்கிற மாப்பிள்ளை வீடும் ஒரே தெரு. இது தெரிந்தது காட்டில், படகில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தபோது; தெரிந்திருந்தால் இந்த டூருக்கே பெயர் கொடுத்திருக்க மாட்டேன். தை மாதம் கல்யாணம். அதுவரைக்கும் மறைத்தால் போதும். அதற்கப்புறம் ஊருக்கே தண்டோரா போடட்டும். டூர் ஃபாரத்தில் 'ஏதேனும் நோய்' என்ற இடத்தில் 'சர்க்கரை' என்று எழுதினேன். நரம்பு டாக்டர் கொடுத்த காகிதத்தைப் புடவை அடுக்குக்குள் வைத்திருக்கிறேன், அபர்ணாவுக்குக்கூடத் தெரியாது. "அப்பா பேசினதையே பேசறார்மா" என்றாள் ஒருநாள் ஃபோனில். ரிட்டயர் ஆனவன் வேறென்ன பேசுவான் என்று கத்தி வாயை அடைத்தேன். என்னிடம் பேசி ஜெயித்தவர்கள் யாரும் இல்லை, அதுதான் தொந்தரவே. இரண்டாவது வளைவும் போய்விட்டது. கோலாலம்பூரில் முப்பத்தோராவது மாடி, கார்டைக் காட்டினால்தான் லிஃப்ட் நகரும், இவர் உள்ளே போய் நின்றிருக்கிறார், நான் குளித்துவிட்டு வந்து பார்த்தால் ஆள் இல்லை, தேடிக்கொண்டு இறங்கினால் லிஃப்டுக்குள்ளேயே நிற்கிறார், யார் யாரோ ஏறி இறங்க இவரும் கூடவே மேலும் கீழும் போய் வந்துகொண்டிருந்திருக்கிறார். "கரண்ட்ல ஃபேஸ் ஒண்ணு போயிருக்கு போல" என்றார் என்னிடம், மின்வாரிய எஞ்சினியர் முகத்தோடு, அவ்வளவு நிச்சயமாக. அன்றைக்கே சாயந்திரம் இரட்டைக் கோபுரத்துக்குக் கீழே நின்று, இந்தக் கட்டடத்துக்கு இத்தனை லோடு வேண்டும், இத்தனை டிரான்ஸ்ஃபார்மர் என்று அடுக்குகிறார், சேலத்து டாக்டர் வாயைப் பிளந்து கேட்கிறார், "சார் பெரிய ஆளு மேடம்" என்கிறார். பெரிய ஆள்தான். காலையில் செருப்பை மாற்றிப் போட்டிருந்ததை நான்தான் குனிந்து சரி செய்தேன்.

ஃபோன்? அவர் ஃபோன் என் கைப்பையில் இருக்கிறது, எங்காவது வைத்துவிடுவார் என்று நானே வாங்கி வைத்துக்கொண்டேன். பாஸ்போர்ட் செல்வினிடம். சட்டைப்பையில் கைக்குட்டை தவிர ஒன்றும் கிடையாது. அபர்ணா கேட்டாளே, இல்லை, அபர்ணா இல்லை, அந்த நரம்பு டாக்டர்தான், பெயர் நம்பர் எழுதி ஒரு அட்டை பையில் வையுங்கள் என்றார். அவர் என்ன எல்கேஜி பிள்ளையா, கழுத்தில் அட்டை மாட்ட என்று எழுந்து வந்துவிட்டேன். ஐந்தாவது வளைவா ஆறாவதா. கீழே பள்ளத்தில் மூங்கில், பெரணி, எல்லாம் பச்சை, அலுத்துப்போன பச்சை, மூன்று நாளாக வேறு நிறத்தையே கண்ணில் காட்டவில்லை இந்த நாடு. ஏதோ குறைகிறது என்று தோன்றிக்கொண்டே இருக்கிறது, அவர் இல்லாதது இல்லை, வேறு ஏதோ, சத்தம், ஆமாம், ஒரு சத்தம் இல்லை. "சாவி எடுத்தியா?" பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம். விமானத்தில், படகில், கோயில் படிக்கட்டில் இருநூறாவது படியில் மூச்சு வாங்க நிற்கும்போது, காட்டில் அட்டைப்பூச்சிக்குப் பயந்து பேண்ட்டைச் சாக்ஸுக்குள் திணிக்கும்போது. வீட்டுச் சாவி. எடுத்துட்டேன். எடுத்துட்டேங்க. எடுத்துத் தொலைச்சுட்டேன். இந்தப் பதினாலு மாசத்தில் எத்தனை ஆயிரம் தரம். இப்போது பஸ் கிளம்பி எத்தனை நேரம் ஆகிறது, இருபது நிமிஷம், யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. ஜன்னலில் தலையைச் சாய்த்து மலையைப் பார்த்துக்கொண்டு ஒரு பொம்பளை பஸ்ஸில் போகிறாள். அவ்வளவுதான். எத்தனை சுகம். ச்சீ. சுகம் என்றா சொன்னேன்? பரவாயில்லை, யாருக்குக் கேட்கப்போகிறது. அதனால்தான் வாய் திறக்கவில்லையா? மாப்பிள்ளை வீடு, காந்திமதி, நாத்தனார் எல்லாம் சும்மா சாக்கா? சிஸ்டர் ஃபிலோமினா மாரல் சயின்ஸ் வகுப்பில் பலகையில் நடுவே கோடு போட்டு, இந்தப் பக்கம் செய்த பாவம், அந்தப் பக்கம் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்ட பாவம் என்று எழுதச் சொல்வார், இரண்டாவது பக்கத்தில் எனக்கு ஒன்றும் தோன்றாது, காலியாகவே விட்டுவிடுவேன், "வத்சலா ஒரு புனிதை" என்று வகுப்பே சிரிக்கும். காட்டில் சாக்ஸைத் தாண்டி அட்டை ஏறி, கணுக்காலில் ரத்தம் வழிந்து செருப்பு வழுக்கிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. கடிக்கும்போதே மரத்துப்போக வைத்துவிடுமாம், வழிகாட்டி பெருமையாகச் சொல்கிறான், அவன் வளர்க்கிற பிராணி மாதிரி. இவர்தான் உட்கார்ந்து என் காலைத் தன் முட்டிமேல் தூக்கி வைத்துக்கொண்டு, நகத்தால் நெம்பி எடுத்தார். பிறகு அந்தக் கயிற்றுப் பாலம். மரத்துக்கும் மரத்துக்கும் நடுவே, ஒற்றைப் பலகை, கீழே நூறடி, நான் பாதியில் நின்றுவிட்டேன், முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் போக முடியவில்லை. பின்னால் வந்தவர்கள் கத்துகிறார்கள். இவர் அடுத்த மரத்தைத் தொட்டுவிட்டவர், திரும்பி, பாலத்தை ஆட்டாமல் மெதுவாக நாலடி என்னை நோக்கி வந்தார். "கீழே பார்க்காதே. என்னைப் பாரு. என் சட்டைப் பட்டனைப் பாரு. வா." குரல் அப்படியே பழைய குரல். இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொடுத்த குரல். பட்டனைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சாவி எடுத்தியா?" என்றார்.

அங்கே யாரிடம் சாவி கேட்டுக்கொண்டு நிற்கிறாரோ. நிற்க மாட்டார், நடந்திருப்பார், தேயிலைச் செடிக்கு நடுவே வழி போகிறதே என்று இறங்கியிருப்பார், எல்லா வரிசையும் ஒரே மாதிரி இருக்கும், இடுப்பு உயரச் செடி, திரும்பிப் பார்த்தால் எந்தப் பக்கமும் ஒரே பச்சை. ஏறச் சொன்னால் ஏறத் தெரியாதா. முப்பது பேர் ஒரு பஸ்ஸில் ஏறுகிறார்கள், கண் இருக்கிறதல்லவா, பின்னாலேயே வரத் தெரியாதா ஒரு மனுஷனுக்கு. எல்லாவற்றையும் நானே பார்க்க வேண்டும், சட்டை பட்டன் நான், மாத்திரை நான், செருப்பு நான். கோபம் வருகிறது, அப்பாடா, கோபமாவது வருகிறதே. குளிர்கிறது. செல்வின் ஏசியைக் கூட்டி வைத்திருக்கிறான், மலையில் எதற்கு ஏசி, தலைக்கு மேல் இருக்கிற ஓட்டையைத் திருப்பி மூடுகிறேன், அப்படியும் குளிர்கிறது, தோளை இழுத்து மூடிக்கொள்ளலாம் என்று கையைக் கொண்டுபோனால் தோளில் ஒன்றுமில்லை. ஷால் எங்கே. காலையில் ஹோட்டலில் போட்டுக்கொண்டு கிளம்பினேனே, சாம்பல் கலர் ஷால், கைப்பையில் இல்லை, மடியில் இல்லை, காலடியில் இல்லை. கடையில் இருந்தபோது இருந்தது. டீ குடித்தபோது இருந்தது. டாய்லெட்டுக்குப் போனபோது, தரையெல்லாம் ஈரம், ஷால் நனைந்துவிடுமே என்று. ஆமாம். கழற்றினேன். கழற்றி இவர் கையில் கொடுத்தேன். பெண்கள் டாய்லெட் வாசலில், அந்தச் சிவப்புத் தூணுக்குப் பக்கத்தில் நிற்க வைத்து, ஷாலை நாலாக மடித்துக் கையில் திணித்து, விரலை நீட்டிச் சொன்னேன், நான்தான் சொன்னேன், "இதைப் பிடிச்சுக்கிட்டு இங்கேயே நில்லுங்க. நான் வர்ற வரைக்கும் ஒரு அடி நகரக் கூடாது. யார் கூப்பிட்டாலும் போகக் கூடாது. புரிஞ்சுதா?" தலையாட்டினார். உள்ளே காந்திமதி கை கழுவிக்கொண்டிருந்தாள். "யக்கா, மாப்பிள்ளை வீட்டுல அவுக எல்லாத்தையும் துருவித் துருவி விசாரிப்பாக, கேட்டுக்கிடுங்க. தாத்தாவுக்கு என்ன சீக்கு, பெரியப்பா எதுல போனாருன்னு வரைக்கும்" என்றாள். எங்கள் வீட்டில் ஒளிக்க ஒன்றுமில்லை என்றேன், சிரித்துக்கொண்டே சொன்னேன், அவருக்கென்ன, குத்துக்கல்லு மாதிரி இருக்கிறார் என்றேன், சொல்லிக்கொண்டே அவள் பின்னால் நடந்தேன், அந்த டாய்லெட்டுக்குப் பின்பக்கமும் ஒரு கதவு, வெளியே வந்தால் நேரே பஸ் நிற்கிற இடம், அவள் ஸ்ட்ராபெர்ரி வாங்கினாள், நானும் வாங்கினேன், அவள் ஏறினாள், நானும் ஏறினேன். தனபாலன் சார்? ரெண்டு பேர். அவர் வழி தவறவில்லை. தேயிலைக்குள் இறங்கவில்லை. ஒன்றையும் மறக்கவில்லை. சொன்ன இடத்தில் சொன்னபடி நிற்கிறார்.

எழுந்துவிட்டேன் போலிருக்கிறது, ஸ்ட்ராபெர்ரி டப்பா விழுந்து பழங்கள் பஸ்ஸின் சரிவில் முன்னால் உருண்டு ஓடுகின்றன, நான் சீட்டு சீட்டாகப் பிடித்துக்கொண்டு அதன் பின்னால் போகிறேன். "மேடம், உட்காருங்க, வளைவு" என்கிறான் செல்வின். "அவர் ஏறலை" என்றேன். "யாரு?" "என் வீட்டுக்காரர். கடையிலேயே நிக்கறார்." பஸ்ஸில் இருந்த அரசியல் முழுக்க நின்றுபோயிற்று. "மேடம், நீங்கதானே ரெண்டு பேர்னு சொன்னீங்க?" "ஆமா. நான்தான் சொன்னேன்." "எப்ப கவனிச்சீங்க?" சேலத்து டாக்டர் என்னைத் திரும்பிப் பார்க்கிறார், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு. "இப்பத்தான்" என்றேன். பலகையின் இரண்டாவது பக்கத்தில் எழுத இதோ ஒன்று, வாய் திறக்காமல் விட்ட அத்தனை வளைவு. டிரைவர் தேவராஜூ இந்த ஊர்த் தமிழர், ஸ்டியரிங்கிலிருந்து கண்ணை எடுக்காமல், "அக்கா, இங்க திருப்ப முடியாதுலா, ஒரே பள்ளம். கீழ அருவிகிட்டதான் இடம் இருக்கு. இன்னும் எட்டு கிலோமீட்டர் போவணும்" என்றார். "எட்டா? நிறுத்துங்க, நான் இறங்கி நடக்கிறேன்." "வளைவுல நிறுத்துனா பின்னால வர்ற லாரிக்காரன் நம்மளப் பள்ளத்துக்கு அனுப்பிருவான்கா." காந்திமதி எப்போது என் பின்னால் வந்தாள் தெரியவில்லை, எலுமிச்சம்பழம் கையில் இல்லை, தேயிலைப் பாக்கெட் ஒன்று இருந்தது. "இதுல கடை நம்பர் போட்டிருக்கு பாருங்க தம்பி, அடிங்க. நின்னு பேசிக்கிட்டே இருக்கீக." செல்வின் போட்டான். ஸ்பீக்கரில் போடாதே என்று சொல்லத் தோன்றியது, சொல்லவில்லை. மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு ஒரு பெண் குரல். "ஆமாலா, ஒரு அங்கிள் நிக்கிறாரு. லேடீஸ் டாய்லெட் முன்னாடி. நாங்க நாற்காலி போட்டோம், உக்கார மாட்டேங்கிறாரு. வைஃப் உள்ள இருக்காங்களாம். நான் உள்ள போய் நாலு கதவையும் திறந்து பாத்துட்டேன், யாருமே இல்ல, சொன்னா நம்ப மாட்டேங்கிறாரு. நகரக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்களாம்." யாரோ பின்னால் சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்கள். காந்திமதி என் முழங்கையைப் பிடித்திருந்தாள். "எத்தனை நாளாக்கா இப்படி?" மெதுவாகத்தான் கேட்டாள், ஆனால் அந்தப் பஸ்ஸில் அப்போது ஈ பறந்தாலும் கேட்டிருக்கும். "பதினாலு மாசமா" என்றேன். சொல்லியாயிற்று. இவ்வளவுதானா அது, மூன்று மூச்சில் முடிந்துவிட்டதே. கன்னத்தில் இன்னும் உணர்ச்சி வரவில்லை. "அவர்கிட்ட கொடுங்கம்மா" என்றான் செல்வின் ஃபோனிடம். செருப்புச் சத்தம், யாரோ ஃபோனைக் காதில் பொருத்திவிடுகிற சத்தம், காற்று. "வத்சலா?" "நான்தாங்க." "என்ன இவ்வளவு நேரம்? உள்ள தண்ணி வரலையா?" "வருது." "இங்க என்னென்னவோ சொல்றாங்க. நான் நகரலை." "தெரியும்." "ஷால் என்கிட்டதான் இருக்கு. நனையலை." "சரி." ஷால் ஃபோனில் உரசுகிற சத்தம். பிறகு, "சாவி எடுத்தியா?" கைப்பைக்குள் கையை விட்டுத் தொட்டுப் பார்த்தேன், நிஜமாகவே தொட்டுப் பார்த்தேன், இத்தனை நாளில் முதல் தடவையாக. "எடுத்துட்டேங்க." "அப்ப மெதுவாவே வா. தரை வழுக்கும். நான் இங்கதான் நிக்கறேன்." "இதோ வந்துட்டேன்" என்றேன். பஸ் திருப்ப இடம் தேடிக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது, ஒரு வளைவு, இன்னொரு வளைவு. "இதோ, வந்துட்டேங்க."